பூட்டிக்கொண்ட கதவுகள்

என் தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகையில் ஒரு முறை அச்சானதோடு அதன் வேலை முடிந்துவிட்டது. மற்றபடி எல்லோருக்கும் அவள் துருவிதான். எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பெயர். அவள் சின்னவளாக இருந்தபோது, நான் சாப்பிடப் போன நேரத்தில் என் தையல் மிஷினைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மாட்டி வைத்திருந்தாள். ஒரு திருகாணி மட்டும் மிச்சம். மிஷின் முன்னைவிட நன்றாக ஓடியது என்பதுதான் எனக்கு ஆத்திரம். ஓடாமல் போயிருந்தால் முதுகில் இரண்டு வைத்திருக்கலாம்.

அவளுக்குக் கல்யாணம் ஆனதும் கேள்வியால்தான். அம்மாவின் இரும்பு அலமாரி திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது பூட்டுக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தோம். அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பூட்டைத் திறக்கும்போது பார்க்கிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்கள், கைவேலை யாருக்கும் தெரியக்கூடாது என்று. இவள் சும்மா இருப்பாளா? அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் பல்லி போல நுழைந்து அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தக் கம்பி ஏன் வளைந்திருக்கிறது, காதை ஏன் கிட்டே கொண்டுபோகிறீர்கள், உள்ளே எத்தனை பல் என்று ஆரம்பித்தாள். மனிதர் விரட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டே திறந்தார். அவளுடைய ‘ஏன்’களுக்கு அலுக்காமல் பதில் சொன்ன முதல் ஆண்பிள்ளை அவர்தான். நானெல்லாம் மூன்றாவது கேள்விக்கே கத்தரிக்கோலை ஓங்குகிறவன்.

அப்படித்தான் அவர் எனக்கு மாப்பிள்ளை ஆனார். பேச்சு குறைவு, கை சுத்தம். அவள் தொழிலை அவரிடமே கற்றுக்கொண்டாள். என் தையல் கடைக்குப் பக்கத்துக் கடை அவர்களுடையது. வெளியே போய்ப் பூட்டு மாட்டுவது, திறப்பது அவர் பொறுப்பு. கடையில் உட்கார்ந்து சாவி வெட்டுவது, பிறகு வீடு வீடாகப் போய்ச் சின்னச் சின்னப் பழுது பார்ப்பது அவள் பொறுப்பு. பழுது பார்க்கப் போனால் பூட்டோடு மட்டும் திரும்ப மாட்டாள். அந்த வீட்டு மருமகள் எந்த ஊர், கிழவருக்கு எந்தக் காது கேட்காது என்பது வரைக்கும் கையோடு வந்துவிடும்.

அவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பூட்டுத் தொழிலாளர்களுக்கு எதற்குச் சங்கம், ஒருவர் கதவை ஒருவர் திறந்து பார்த்துக்கொள்ளவா என்று நான் கேலி செய்ததுண்டு. சைக்கிள் கடை மாடியில் ஒரு நீள அறை, நடுவில் ஒரு மேஜை, காலாடும் பெஞ்சுகள். மாதம் ஒரு கூட்டம். விடுமுறை நாளில் அவசரத்துக்குப் போகிற முறை யாருக்கு, சாவியில்லாமல் பூட்டைத் திறக்கிற கள்ளக்கம்பிகளை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற இரும்புக் கடைக்காரரை என்ன செய்வது, வீட்டுக்காரர் அல்லாத ஒருவர் வந்து ‘இது என் வீடுதான், திற’ என்றால் எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் பேசுவார்கள். பிறகு கூட்டத்தின் சுவையான பகுதி வரும். அந்த மாதம் தன்னால் திறக்க முடியாமல் துளைபோட்டு உடைத்த பூட்டை ஒவ்வொருவரும் கொண்டுவந்து வெட்கத்தோடு மேஜைமேல் வைக்க வேண்டும். எல்லோரும் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். கடைசியில் அந்தப் பூட்டெல்லாம் என் தங்கையின் பையில் ஏறிவிடும். அவள்தான் சங்கத்துக்குச் செயலாளர். தலைவர் ஒரு பெரியவர், இரும்புப் பெட்டிகளில் கைதேர்ந்தவர், அதனால் பெட்டித் தலைவர் என்று பெயர். யார் பேசினாலும் பெட்டியைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

அந்தச் சங்கத்தில் மன்னிப்பே இல்லாத குற்றம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் வீட்டுச் சாவிக்கு ரகசியமாக இன்னொரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது. அந்த நகலைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வைத்திருந்தாலே போதும். பெயரை அடித்துவிடுவார்கள். எல்லாக் கடைக்கும் சொல்லிவிடுவார்கள். பிறகு அந்த ஆளுக்குப் பல் வெட்டாத வெற்றுச் சாவி ஒன்றுகூட யாரும் விற்க மாட்டார்கள், அவரை நம்பி எந்த வீட்டுக்காரரும் கதவைக் காட்ட மாட்டார்.

அந்தக் குற்றம்தான் என் மாப்பிள்ளை தலையில் வந்து விழுந்தது.

ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. பெரும்பாலும் வயதானவர்கள். பழைய பூட்டெல்லாம் துருப்பிடித்துப் போனதால் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் புதுப் பூட்டு போட முடிவு செய்து மாப்பிள்ளையிடம் வேலையைக் கொடுத்திருந்தார்கள். வழக்கமான பூட்டில் நாக்கு பக்கவாட்டில் நீளும். இது வேறு வகை. சாவியைத் திருப்பினால் நாக்கு மேலிருந்து கீழே இறங்கி, கதவுச் சட்டத்தில் இருக்கிற வளையங்களைக் கோத்துக்கொள்ளும். கடப்பாரை போட்டு நெம்பினாலும் அசையாது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் மாட்டி, சாவிகளை வீட்டுக்காரர் கண் முன்னால் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வருஷம் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு ஆரம்பித்தது. குப்பை கொட்டக் கீழே போன அம்மா கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் பூட்டியிருக்கிறது. சாவியோ உள்ளே. மறதி என்று நினைத்து மாப்பிள்ளைக்குப் போன் செய்தார்கள். அவர் போய்த் திறந்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் அவருக்கு மேல் வீட்டில். அப்புறம் கீழ் வீட்டில். பக்கத்து வீட்டில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதற்குள் பூட்டு. எதுவும் திருட்டுப் போகவில்லை, உள்ளே ஒரு பொருள் இடம் மாறவில்லை. கதவு மட்டும் பூட்டியிருக்கும். திருடன் வந்து திறப்பான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், வந்து பூட்டிவிட்டுப் போகிறவனை எங்கே கேள்விப்பட்டோம்?

கடைசியில் யாரோ ஒருவர் கணக்குப் போட்டார். வெளியிலிருந்து பூட்ட வேண்டுமானால் சாவி வேண்டும். எல்லா வீட்டுச் சாவியும் ஒரே ஆள் கையிலிருந்துதான் வந்தது. பூட்டிக்கொண்டால் கூலி வாங்கித் திறக்க வருவதும் அதே ஆள்தான். அவ்வளவுதான், முடிந்தது கதை. நகல் வைத்துக்கொண்டு தானே பூட்டுகிறான், பிறகு தானே வந்து திறக்கிறான் என்று குடியிருப்பு முழுக்கப் பேசி, சங்கத்துக்குப் புகாராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள்.

சங்கம் மூன்று பேரை அனுப்பியது. அவர்கள் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துச் சாவித்துவாரங்களைப் பார்த்தார்கள். கதவுகளை மெதுவாகத் திறந்து மூடினார்கள். பூட்டெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. துவாரத்தில் இருந்த கீறல் எல்லாம் மாப்பிள்ளை திறக்கும்போது விழுந்தவை. அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்கிறோம், அதுவரை வேலைக்குப் போக வேண்டாம் என்று அவரிடம் சொன்னார்கள். சொந்தக்காரர்மேல் விசாரணை என்றால் உறுப்பினர் அறைக்குள் இருக்கக்கூடாது என்பது விதி. அதனால் அவரை விசாரித்த அன்று செயலாளரே வெளியே போக வேண்டியதாயிற்று. என் தங்கை சைக்கிள் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் தவித்த தவிப்பு இருக்கிறதே, பல்வலிக்காரர்கூட அப்படித் தவிக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்தவள் கணவரிடம் நேராகக் கேட்டாள், நகல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று. இல்லை என்றார். மறதியாக ஒன்றாவது கடைக்குள் கிடக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். சாப்பிட உட்கார்ந்தபோது மூன்றாவது தடவையாக அதையே வேறு வார்த்தையில் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும் அவளிடம் பேசவில்லை. பேச்சு குறைந்த மனிதர் பேச்சை நிறுத்தியது வெளியாட்களுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரிந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. கட்டின புருஷனை மூன்று தடவையா கேட்பாய் என்று சத்தம் போட்டேன்.

“கேக்காம எப்படிண்ணா இருக்க முடியும்? பூட்டு பூட்டியிருக்கு. யாரோ பூட்டியிருக்காங்க இல்ல?” என்றாள்.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து, மிஷினை நிறுத்து, கிளம்பு என்றாள். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் நிற்காமல் பூட்டைக் கழற்றக்கூடாது என்பது சங்கத்தின் இன்னொரு விதியாம். ஊரில் சாட்சிக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை. கையில் அரைகுறையாக இருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

மூன்றாம் மாடியில் இருந்த அம்மாதான் முதலில் பூட்டிக்கொண்டவர். முதலில் புகார் சொன்னவரும் அவர்தான். ஆனாலும் துருவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பழுது பார்க்க வந்து பழகினவள் ஆயிற்றே. உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை பொண்ணு, உன் வீட்டுக்காரர் விஷயம் வேற என்று சொல்லி நாற்காலி போட்டார். துருவி உட்காரவில்லை. இந்த மாடியில் எந்தெந்த வீடு பூட்டிக்கொண்டது, மேலே எது, கீழே எது என்று கேட்டுக்கொண்டே படியில் ஏறி இறங்கினாள். இறங்கி வந்தபோது அவள் கண் பளபளத்தது. எனக்கு அந்தப் பளபளப்பு தெரியும். பூட்டிக்கொண்ட வீடெல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒரே வரிசையில் இருக்கிறதாம். நகல் வைத்திருப்பவனுக்கு எல்லா வீடும் ஒன்றுதானே, அவன் ஏன் இந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும் என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும், நான் சட்டை தைக்கிறவன்.

அந்த அம்மாவிடம் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மூவரும் வெளியே வந்தோம். கதவை எப்போதும் போலச் சாத்தச் சொன்னாள். அம்மா படீரென்று இழுத்துச் சாத்தினார். தள்ளிப் பார்த்தோம், திறந்தது. திரும்பவும் சாத்திவிட்டு அங்கேயே நின்றோம். கால் வலித்தது. கிளம்பலாமா என்று நான் கேட்கவும் கீழே தண்ணீர் மோட்டார் போட்டார்கள். சுவருக்குள் குழாய் போகிறது போலிருக்கிறது, கைவைத்தால் சுவர் அதிர்ந்தது. துருவி கதவில் காதை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது.

தள்ளிப் பார்த்தோம். பூட்டியிருந்தது.

உள்ளே ஆள் இல்லை. வெளியே நாங்கள் மூன்று பேர். சாவி அந்த அம்மாவின் உள்ளங்கையில். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. துருவிக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் எல்லோரும் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம், ஆளே கிடையாது என்று சொல்லிக்கொண்டே சாவியை வாங்கித் திறந்து, பூட்டைக் கதவிலிருந்து கழற்றித் தரையில் வைத்து மூடியைப் பிரித்தாள்.

நாக்கை மேலேயே பிடித்து நிறுத்துவதற்கு உள்ளே நகத்தளவு ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டுமாம். அந்த இடம் காலி. பிடிமானம் இல்லாத நாக்கு, கதவை அடித்துச் சாத்தியும் சுவர் அதிர்ந்தும் மெல்ல மெல்ல இறங்கி, தன் பாரத்தில் தானே விழுந்து வளையத்தைக் கோத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். என் மாப்பிள்ளையின் மானம் ஒரு நகத்தளவு கம்பிச்சுருளில் போயிருக்கிறது.

அவள் முகம் சிவந்துவிட்டது. எந்த முட்டாள் இதைக் கழற்றினது, தொழில் தெரிந்த கை செய்கிற வேலையா இது, அவன் மட்டும் கையில் கிடைத்தால் என்று பொரிந்து தள்ளினாள். அந்த அம்மா அவள் தோளைத் தொட்டார்.

“நீதானேம்மா எடுத்தே. சாவி திருப்பக் கை வலிக்குதுன்னு நான் சொன்னேன். ஒரு நிமிஷம் இருங்கம்மான்னு எதையோ எடுத்துப் பையில போட்டுக்கிட்டே. அப்புறம் பூ மாதிரித் திரும்புச்சு. மேல் வீட்டு அக்காவுக்கும் செஞ்சு கொடுன்னு நான்தானே கூட்டிட்டுப் போனேன்.”

துருவி தரையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். வேலை என்று நினைத்துச் செய்திருந்தால் நினைவிருந்திருக்கும். மூட்டுவலிக் கையைப் பார்த்து இரக்கப்பட்டு, கூலிகூட வாங்காமல், பேச்சுவாக்கில் செய்தது. மேல் வீடு, கீழ் வீடு என்று அந்த அம்மாவின் சிநேகிதிகள் வரிசைக்கு மட்டும் செய்துவிட்டு அப்போதே மறந்தும் போய்விட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

திரும்பி வரும்போது பாலத்தின்மேல் நின்று அவளுக்கு ஒரு வழி சொன்னேன். எல்லாப் பூட்டிலும் ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுவிடு, பூட்டு செய்த கம்பெனி சில பூட்டில் ஸ்பிரிங் போடாமல் விட்டுவிட்டது என்று கூட்டத்தில் சொல்லிவிடு, மாப்பிள்ளையும் தப்பித்தார், நீயும் தப்பித்தாய் என்றேன். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கு உண்மை தெரியும், அவர் எனக்காகப் பொய் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். அப்புறம் கம்பெனி தப்பு என்றால், ஒரு வருஷம் ஏன் ஒழுங்காக இருந்தது என்று ஒருத்தராவது கேட்பார்கள், நானாக இருந்தால் கேட்பேன் என்றாள்.

கூட்டத்துக்குச் சாட்சியாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். சாட்சி சொல்ல வந்ததால் துருவியையும் அன்று உள்ளே விட்டார்கள், அவள் மேஜையருகே போய் நின்றாள். வீட்டில் அவ்வளவு பேசுகிறவள் அங்கே சுருக்கமாகச் சொன்னாள்.

“யாரும் பூட்டலை. நகல் எதுவும் கிடையாது. அந்த வீடுகள்ல ஸ்பிரிங்கை எடுத்தது நான். தானா விழுற மாதிரி ஆக்கினது நான். அவருக்கு இது தெரியாது.”

தலைவர் கண்ணைத் திறந்தார். ஒரு பூட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஸ்பிரிங் இல்லாமல் கையில் பிடித்துத் தட்டிப் பார்த்தார். நாக்கு விழுந்தது. திரும்பத் தட்டினார், விழுந்தது. பெஞ்சு பெஞ்சாக அது கைமாறிப் போனது, ஆளாளுக்குத் தட்டிப் பார்த்தார்கள். விசாரிக்கப் போன மூன்று பேரில் ஒருவர், நாங்க கதவை மெதுவா இல்ல மூடினோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் தீர்ப்பு. மாப்பிள்ளைமேல் புகார் இல்லை, நாளைக்கே வேலைக்குப் போகலாம். துருவி செயலாளர் பொறுப்பிலிருந்து இறங்க வேண்டும், எல்லாப் பூட்டையும் தன் செலவில் சரிசெய்து, வீடு வீடாகப் போய்க் காரணத்தைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவள் சரி என்றாள். அந்த மேஜைக்கு அவள் எத்தனை ஆசையாகப் போய் உட்காருவாள் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தச் ‘சரி’ எனக்கு வலித்தது.

மூவருமாக வீட்டுக்கு நடந்தோம். மாப்பிள்ளை முன்னால், அவள் பின்னால், நடுவில் நான், வேண்டாத தைப்பு போல. பழி போய்விட்டது, இனிமேல் மனிதர் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். வீட்டு வாசல் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை, அவ உங்களுக்காகத்தானே அவ்வளவு பேர் முன்னாடி நின்னா, இன்னும் என்ன என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“ஸ்பிரிங் எடுத்ததைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை. யார் கையும் தப்பும். நான் இல்லைன்னு சொன்னேன். அது உனக்குப் போதலை.”

“போதலை” என்றாள் துருவி. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. “போதும்னு நான் சும்மா இருந்திருந்தா, இன்னிக்கு உங்க பேரை அடிச்சிருப்பாங்க. நம்பாமதான் அங்க போனேன். போனதாலதான் தெரிஞ்சுது.”

“அதுவும் தெரியும்” என்றார் அவர். “தெரிஞ்சதாலதான் உன்மேல கோவப்படவும் முடியலை. படாம இருக்கவும் முடியலை.”

சொல்லிவிட்டு உள்ளே போய், கை கால் கழுவ ஆரம்பித்தார். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் தங்கை ஒரு கேள்வியை விழுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.